அடுப்படிப் பேச்சு

சவாயீ, சமோவா
1987 பிப்ரவரி 9

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஃபுவாதீனோவுக்கு,

உனக்கும் லேமுவேலுவுக்கும் சமாதானம் உண்டாவதாக. நானும் ரூதாவும் சுகம். என் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் இரத்த அழுத்தத்துக்குப் பிரிஸ்பேன் வைத்தியர் என்ன மருந்து கொடுக்கிறார் என்று எழுது.

பிள்ளை தெலேசியா நல்லபடியாக உன் கையில் வந்து சேர்ந்தாள் என்று தபால் நிலையத்துத் தொலைபேசியில் செய்தி வந்தது. அன்று மாலை ஜெபத்தில் நன்றி சொன்னோம்.

நீ கேட்டாய், கொடுத்தேன். வயதான காலத்தில் பிறந்த கடைசிப் பிள்ளை என்று ரூதா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். நம் ஊர் வழக்கப்படி தங்கை என்பவள் அண்ணனுக்கு உடன்படிக்கை, அவள் கேட்டதற்கு இல்லை என்று சொன்ன அண்ணன் நம் குடும்பத்தில் கிடையாது என்று நான் சொன்னேன். “உடன்படிக்கை உங்களுக்கும் அவங்களுக்கும்தானே. வயித்துல சுமந்தது யாரு, உடன்படிக்கையா?” என்று கேட்டுவிட்டு ஈரப்பலா சுடப் போய்விட்டாள். இதை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுதிவிட்டேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகும்.

பிள்ளையைப் பற்றிச் சில குறிப்புகள். முதலாவது, நாய் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். இரண்டாவது, காலையில் கொக்கோ குடிக்காமல் அவளிடம் எதையும் கேட்டுப் பயனில்லை. மூன்றாவது, பேச்சு. நீ அறிந்ததுதான். ஆனாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், எழுதாமல் இருக்க முடியவில்லை. அவள் ரூதாவோடு அடுப்படியில் வளர்ந்த பிள்ளை. நம் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் போல, ‘த’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘க’ போட்டுத்தான் பேசுவாள். ஆலயத்தில் ‘தாதலோ’ என்று சொல்லும் ஜெபம் அடுப்படியில் ‘காகலோ’. ரூதா அவள் பெயரையே ‘கெலே’ ஆக்கிவிட்டாள். ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் போதகர் முன்னிலையிலும் நல்ல பேச்சு பேசவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். நிதானமாகக் கேட்டால் பிசகாது. அவசரப்படுத்தினாலோ பயந்தாலோ நாக்கு அடுப்படிக்கு ஓடிவிடும். அவ்வளவுதான்.

உங்கள் இருவருக்கும் வந்தனம்.

உன் அண்ணன்,
சிமியோனா


பிரிஸ்பேன்
1987 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

ஈஸ்டர் வாழ்த்துகள். கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் சுகம். எனக்கு இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒன்று காலையில், ஒன்று ஞாபகம் வந்தால்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள், கவலை வேண்டாம். இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது அண்ணா. பக்கத்து வீட்டுப் பையன் பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். “ஏய் கிரெக், என் ஷூ எங்க?” என்கிறான், அவரும் தேடி எடுத்துக் கொடுக்கிறார்! வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற லேமுவேலு, “நம்ம ஊர்ல இப்படிக் கூப்பிட்டா அன்னைக்குச் சாப்பாடும் கிடையாது, மெல்லுறதுக்குப் பல்லும் கிடையாது” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

அதனால்தான் எங்கள் வீட்டில் ஒழுங்கு வைத்திருக்கிறோம். மாலை ஜெபம் முடியாமல் சாப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி இல்லை. பள்ளித் தோழி வீடுகளுக்குப் போவது இல்லை. லேமுவேலு இப்போது சபையில் மூப்பர். நாலு பேர் நம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அங்கே அவளுக்குச் செல்லம் கொஞ்சம் அதிகம். நம் அப்பா நம்மை எப்படி வளர்த்தார்? அவர் இருமினால் நாம் எழுந்து நிற்போமே.

ஒரு வேண்டுகோள். அக்டோபரில் பிள்ளைகளின் நாளான வெள்ளை ஞாயிறு வருகிறது. மற்றப் பிள்ளைகள் இரண்டு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். நம் பிள்ளை தலைமையாசிரியர் மகள். வேதத்திலிருந்து ஒரு முழுச் சங்கீதம், நீளமானது, நீங்களே தேர்ந்தெடுத்து எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் படித்தால் அவளுக்கு ஊக்கமாக இருக்கும்.

கீழே அவள் எழுதுகிறாள்.

உங்கள் தங்கை,
ஃபுவாதீனோ

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே கோழி இல்லை. தரை முழுவதும் கம்பளம் இருக்கிறது, சிந்தக் கூடாது. பள்ளியில் என் பெயரை யாருக்கும் சொல்ல வரவில்லை. அம்மாவிடம் நான் காலையில் கொக்கோ குடிக்கிறேன் என்று சொல்லவும். தெலேசியா.


சவாயீ
1987 ஜூன் 15

அன்பு மகள் தெலேசியாவுக்கு,

தேவ கிருபை உன்னோடிருப்பதாக. அம்மாவும் நானும் சுகம். உன் வெள்ளைப் பன்றிக்குட்டி வேலியைத் தாண்டிப் போதகர் தோட்டத்துச் சேம்பைத் தின்றுவிட்டது. அவர் மன்னித்துவிட்டார். அவர் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

உன் எழுத்து நேராக இருக்கிறது. ஒரு பிழை மட்டும்: ‘கம்பளம்’ என்ற வரியில் ஓர் இடத்தில் ‘த’ எழுதவேண்டியதை ‘க’ என்று எழுதிப் பிறகு அதன் மேலேயே திருத்தியிருக்கிறாய். எழுதும்போது ‘க’ வரவே கூடாது. அது வாய்க்கு மட்டும்தான், அதுவும் அடுப்படி வாய்க்கு. இதைக் கண்டிப்பாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துகிறேன்.

அத்தை கேட்ட சங்கீதத்தை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். பெரியதுதான். நீ பயப்பட வேண்டாம். நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி செய். முதலில் ஒரு வசனத்தைப் பார்த்து வாசி. பிறகு தாளைக் கவிழ்த்துச் சொல். அது சரியாக வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போ. சபையில் நிற்கும்போது யார் முகத்தையும் பார்க்காதே, கதவுக்கு மேலே பார். ‘த’ வருகிற இடங்களில் எல்லாம் அடியில் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளியைக் கண்டால் நின்று நிதானமாகச் சொல்.

அத்தைக்கும் மாமாவுக்கும் கீழ்ப்படிந்து நட. அவர்கள் உன் நன்மைக்கே சொல்லுகிறார்கள்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா


பிரிஸ்பேன்
1987 ஆகஸ்ட் 23

மதிப்பிற்குரிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். அத்தையும் மாமாவும் சுகமாக இருக்கிறார்கள். நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

சங்கீதம் பாதிவரை தெரியும். மாலை ஜெபத்தில் சொல்லுகிறேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். பிழை வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும். நான் முடித்த பிறகுதான் எல்லாரும் சாப்பிடுவோம். மாமாவுக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் மிகவும் பசிக்கும். சில நாள் சாப்பாடு ஆறிவிடும். மாமா மிகவும் பொறுமையாக இருக்கிறார். பிறகு பொறுமை முடிந்துவிடும்.

புள்ளிகளுக்கு நன்றி. புள்ளி வருகிறதே என்று நினைத்தால் அதற்கு முன்னால் உள்ள சொல் மறந்துவிடுகிறது.

அப்பா, ஒரு கேள்வி. படுக்கும்போது நான் தனியாக ஜெபம் செய்கிறேன். அப்போது அம்மா பேசுவதுபோல வந்துவிடுகிறது. எல்லாம் ‘க’வாக வருகிறது. அப்படிச் செய்தால் கடவுளுக்குப் புரியுமா? அல்லது அதைக் கணக்கில் எடுக்கமாட்டாரா? புரியாது என்றால் நான் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டுமா?

அத்தை இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டார். சரி என்றார்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
தெலேசியா


சவாயீ
1987 செப்டம்பர் 14

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

சமாதானம். நாங்கள் சுகம். நீயும் லேமுவேலுவும் சுகம் என்று பிள்ளையின் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தோம். மழை தாராளம். ஆலயத்துக் கூரைக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறோம். இப்போது மழை பெய்தால் பிரசங்கம் கேட்பதில்லை. சிலருக்கு அதில் மகிழ்ச்சி.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பிள்ளை சங்கீதம் படிப்பதைப் பற்றித்தான். நான் தேர்ந்தெடுத்தது சற்று நீளமாகிவிட்டதோ என்று நினைக்கிறேன். பிழை என்னுடையது. முதல் பாதியோடு நிறுத்தினாலும் பொருள் முழுமையாகவே இருக்கும். உனக்குச் சரி என்று பட்டால் மட்டும். சரியில்லை என்றால் நான் இதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

ரூதா பிள்ளையின் கடிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, “பதினோரு வயசுப் புள்ள. எதிர்ல பெரியவங்க பசியோட உக்காந்து வாயையே பார்த்துக்கிட்டிருந்தா அதுக்கு வசனமா வரும்? எனக்கே என் பேரு மறந்துடும்” என்றாள். பொறுமையாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாளே என்றேன். “அடுத்த வரியையும் வாசிங்க, ஹெட்மாஸ்டரய்யா. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காது கேக்கும்” என்றாள். அவள் பேச்சு அப்படித்தான். நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே.

பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருந்தாள். போதகரிடம் கேட்டேன். அவர் சிரித்து, “கடவுள் எல்லாம் அறிவார் ஐயா. சபைக்குத்தான் தெரியாது” என்றார். அது வேடிக்கையாகச் சொன்னதா பதிலாகச் சொன்னதா என்று விளங்கவில்லை. விளங்காததைப் பிள்ளைக்கு எழுதக் கூடாது. யோசித்து, வேதத்தில் ஆதாரம் பார்த்து எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்.

வந்தனம்.

உன் அண்ணன்,
சிமியோனா


பிரிஸ்பேன்
1987 நவம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வெள்ளை ஞாயிறு முடிந்தது. நீங்கள் காத்திருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்கு நானே வெள்ளை உடுப்புத் தைத்தேன். கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பின்னல், தலையில் பூ வளையம். ஆலயத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முறை வந்தது. நின்றாள். கதவுக்கு மேலே பார்த்தாள். அழகாகத்தான் ஆரம்பித்தாள் அண்ணா. பாதிவரை ஒரு பிசகு இல்லை. லேமுவேலு என் கையைத் தட்டி, “பார்த்தியா” என்றார்.

பாதியில் நின்றுவிட்டாள். யாரோ இருமினார்கள். நான் அடுத்த சொல்லின் முதல் எழுத்தை வாயசைத்துக் காட்டினேன். அவள் என் வாயைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், மீதிச் சங்கீதம் முழுவதும் ‘க’வில்! சந்தையில் மீன் பேரம் பேசுகிற மாதிரி, மடமடவென்று. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அடுப்புல ஏதோ தீயுதுடி, போய்ப் பாரு!” என்றாள். அதற்குப் பிறகு யார் அடக்க முடியும்? எங்கள் போதகர் மனைவி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது தெரிந்தது. இந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள். கடைசி வசனம்வரை ஒன்றும் விடவில்லை. முடித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பிள்ளைகளை முதலில் உட்காரவைத்துப் பெரியவர்கள் பரிமாறவேண்டும் அல்லவா. அவள் தட்டுக்கு நான் எழுந்திருக்கவில்லை. யாரோ கோழி வைத்தார்கள். அவள் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்தவப் பெற்றோர் என்ன செய்யவேண்டுமோ அதை லேமுவேலு செய்தார். அன்பில்லாதவன் பிள்ளையைத் திருத்தமாட்டான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பிரம்பைப் பார்த்து வளர்ந்த ஊர் அது.

அன்றிலிருந்து பேச்சில்லை. ஜெபத்தில் ஆமென்கூடச் சொல்வதில்லை. வீம்பு. பசித்தால் வாய் தானாகத் திறக்கும். கை சுளுக்கியிருப்பதால் இந்த முறை அவள் எழுதவில்லை.

அண்ணிக்கு வந்தனம்.

தங்கை,
ஃபுவாதீனோ


சவாயீ
1987 டிசம்பர் 2

பிரியமான தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நாங்கள் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை வாசித்தேன். சபையில் உனக்கும் லேமுவேலுவுக்கும் ஏற்பட்ட வெட்கத்துக்கு நானே காரணம். அவ்வளவு பெரிய பகுதியை எழுதி அனுப்பியவன் நான்.

எந்தக் கை?

எழுதும் கையா, மற்றக் கையா என்று மட்டும் தெரிந்தால் போதும். எழுதும் கை என்றால் ரூதா சுடுநீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுகிறாள். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி விரல் நுனியிலிருந்து தோளை நோக்கித் தேய்க்கவேண்டுமாம்.

ரூதாவிடம் உன் கடிதத்தை முழுவதும் வாசிக்கவில்லை. சில வரிகளை விட்டு வாசித்தேன். நான் நிறுத்தி நிறுத்தி வாசித்ததைக் கேட்டே அவள் கண்டுபிடித்துவிட்டாள். “எங்கெல்லாம் முழுங்குறீங்களோ அங்கெல்லாம் புள்ள அழுதிருக்கா” என்றாள். பிறகு, “எழுதுங்க. திருப்பி அனுப்புன்னு எழுதுங்க. உங்களுக்கு எழுத வரலைன்னா கையைப் பிடிச்சுக்கிறேன்” என்றாள். நான் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் தன் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க சகோதரி ஆச்சே. நான் என்னத்த சொல்ல” என்றார்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளை இங்கே வந்து போனால் ரூதாவுக்கு ஆறுதலாக இருக்கும். உனக்கு வசதிப்பட்டால் மட்டும். வற்புறுத்தவில்லை. நீ என் உடன்படிக்கை, உன் சொல்லே முடிவு.

கையைப் பற்றி எழுது.

அண்ணன்,
சிமியோனா


சவாயீ
1988 பிப்ரவரி 22

பிரியமான தங்கைக்கு,

சமாதானம். நாங்கள் சுகம் என்றுதான் எழுதவேண்டும், எழுதுகிறேன்.

கடல் கொந்தளிப்பால் தீவுக்குப் படகு சில வாரம் வரவில்லை. உன் பதில் அதனால் தாமதம் என்று இருந்தேன். இப்போது படகு வருகிறது. தபால்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று.

மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் நான்தான் எப்போதும் ஜெபம் சொல்லுவேன். போன வாரம் நடுவில் நின்றுவிட்டேன். எத்தனையோ ஆண்டாகச் சொல்லும் ஜெபம். அடுத்த சொல் வரவில்லை. ரூதா கண்ணைத் திறக்காமல், “ஆமென்” என்று சொல்லி முடித்துவைத்தாள்.

தங்கையே, உன்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எந்தக் கை என்று ஒரு வரி எழுது.

அண்ணன்,
சிமியோனா


பிரிஸ்பேன்
1988 ஏப்ரல் 17

அண்ணா,

எனக்குச் சுகமில்லை. ஐந்து மாதம் பேனாவைத் தொடவில்லை. வாசித்துவிட்டு என்னை வெறுக்காதீர்கள்.

பிள்ளை எங்களோடு இல்லை. பள்ளி திறந்ததும் டீச்சர் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், பிள்ளை பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் நலத்துறையிலிருந்து ஓர் அரசாங்கத்துப் பெண்மணி வீட்டுக்கு வந்தாள். லேமுவேலு அவளுக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, “நாங்க கிறிஸ்தவக் குடும்பம்மா” என்றார். “ரொம்ப நல்லது. பிள்ளையோட துணியெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டாள் அவள். அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் விட்டிருக்கிறார்கள். நல்லவர்கள்தான். சாப்பிடும் முன் ஜெபிப்பதில்லை.

நீங்கள் கேட்டீர்கள். வலது கை. கட்டுப் பிரித்தாகிவிட்டது.

சபையில் யாரும் எங்களை ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்கவில்லை. லேமுவேலுவை மூப்பர் பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் மாலையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, நான் என்ன தப்புச் செய்தேன்? நம் அப்பா நம்மை வளர்த்தபடிதானே வளர்த்தேன்? நாம் நன்றாகத்தானே வந்தோம்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்க விடுகிறார்கள். நான் பேசுகிறேன், அவள் தரையைப் பார்க்கிறாள். போன வாரம் நேரம் முடிந்து வெளியே வந்தேன். குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். பின்பக்கம் அவள் குரல் கேட்டது. அந்த வீட்டில் ஒரு பெரிய பழுப்பு நாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “சாப்பிட்டியாடா? இன்னிக்கு என்ன குடுத்தாங்க? இங்க வா, காதைக் காட்டு, என்ன இவ்ளோ அழுக்கு” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ‘க’வில், அப்படியே அண்ணி பேசுகிற மாதிரி. நாய்க்குப் பயம் என்று எழுதியிருந்தீர்களே. நான் குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்மணி உங்களுக்கு எழுதுவாள். பிள்ளை எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று பெற்ற தகப்பனைக் கேட்பாள். ‘என் தங்கை வீட்டுக்கு’ என்று எழுதுங்கள். அவள் ஊருக்குத் திரும்பிப் போனால் எங்களால் சபையில் தலைநிமிர முடியாது. தகப்பன் எழுதினால் மட்டும் போதாதாம், பிள்ளையும் வாயால் சொல்லவேண்டுமாம். கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

நான் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதே இல்லை.

ஃபுவாதீனோ


சவாயீ
1988 மே 9

பிரியமான தங்கைக்கு,

உன் உடல்நிலை அறிந்து வருந்துகிறோம். மாத்திரை இரண்டையும் ஞாபகமாகச் சாப்பிடு.

அந்தப் பெண்மணியின் கடிதம் வந்தது. ‘தகப்பன் வீட்டுக்கு’ என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை. கேட்டிருந்தால் உனக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடிந்திராது.

நம் அப்பா இருமினால் நாம் எழுந்து நின்றோம் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். நான் இன்னும் உட்காரவில்லை என்று நினைக்கிறேன்.

லேமுவேலுவுக்காகவும் ஜெபிக்கிறோம். ரூதா இன்னும் ஜெபிக்கவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
சிமியோனா


சவாயீ
மே 9, அதே நாள்

கெலே,

எப்படி இருக்கே கண்ணு? சாப்பிட்டியா?

அப்பாதான் எழுதறேன். ஆமா, அப்பாவேதான். கையெழுத்தைப் பார்த்தா தெரியும். இந்தக் காகிதம் பூரா ‘க’தான் போட்டிருக்கேன், ஒரு இடத்துலயும் புள்ளி வைக்கல. எழுத எழுதத் தப்பா இருக்கற மாதிரியே இருக்கு. உங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. “ஹெட்மாஸ்டரய்யாவுக்கு அடுப்படி இப்பத்தான் தெரியுது”ங்கறா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு உடுப்பு நுனியால மூக்கைத் துடைச்சுக்கிறா.

அங்க இருக்கற அந்த ஆபீஸ் அம்மா யாரையாவது வெச்சு இதை உனக்குப் படிச்சுக் காட்டுவாங்க. படிக்கிறவங்க சிரிச்சா சிரிக்கட்டும். நீ கேளு.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தே. வேதத்துல தேடிட்டு எழுதறேன்னேன். தேடினேன். முழுசாத் தேடிட்டேனான்னு இப்பவும் சந்தேகம்தான். உங்கம்மாகிட்டப் போன வாரம்தான் கேட்டேன், முதல்லயே கேட்டிருக்கணும். அவ ஈரப்பலா சுட்டுக்கிட்டே, “நீ பொறந்த அன்னைக்கு நான் கத்தினது எல்லாம் ‘க’ல தானே. அவருக்குப் புரியாமலா நீ உசிரோட வந்தே?”ன்னு சொல்லச் சொன்னா. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. மறுபடி முதல்லேருந்து சொல்ல வேண்டாம் கண்ணு. சொன்னவரைக்கும் போதும்.

நம்ம பன்னிக்குட்டி இப்பக் குட்டி இல்ல. போதகர் வீட்டம்மா இன்னும் அதை மன்னிக்கல. பாதி நாள் சாயங்கால ஜெபத்துல எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது. உங்கம்மாதான் முடிச்சு வெக்கிறா.

இப்ப அப்பா சொல்றதைக் கேளு. அந்த ஆபீஸ் அம்மா வந்து எங்க போகணும்னு உன்னைக் கேப்பாங்க. நீ சொல்லணும். நான் இங்கேருந்து எழுதினது பாதிதானாம், மீதி உன் வாயில இருக்காம். என்னால அங்க வந்து உன் பக்கத்துல நிக்க முடியல. முதல் எழுத்தைக்கூட வாயசைச்சுக் காட்ட முடியல. நீ எந்தப் பேச்சுல வேணா சொல்லு. இங்கிலீஷ்ல சொல்லு, அழுதுக்கிட்டே சொல்லு, பாதி சொல்லு. கை வலிச்சா எழுதாதே. இங்கதான் வரணும்னு அப்பா சொல்றாரேன்னு சொல்லாதே, உனக்கு எங்க இருக்கணுமோ அதைச் சொல்லு.

அவங்களைப் பார்த்தா வாய் வரலைன்னா, அந்த நாய் இருக்கு இல்ல, அதுகிட்டச் சொல்லு. அவங்க பின்னாடி நின்னு கேட்டுக்கட்டும்.

அப்பா